மேலே யாருமில்லீங்க

ஜூன் 9, திங்கள்

மேல் வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை அதே சத்தம். என் வேலையோ காதால் செய்கிற வேலை. வெளிநாட்டுத் தொடர்களில் பேசுவதைக் கேட்டு, திரைக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளை எழுத வேண்டும். இன்று நாயகி அழுகிற காட்சியை எத்தனை தடவை ஓட்டினாலும் டைல்ஸ் மிஷின்தான் அழுதது.

என் கணவர் எட்வின் புனேயில் இருப்பதால் வீட்டில் பேச்சுத் துணையும் இல்லை. புது புராஜெக்ட். முடிந்ததும் வந்துவிடுவார்.

நாளையிலிருந்து ஏதாவது கஃபேயில் போய் உட்கார வேண்டும். கோயம்புத்தூரில் அதற்கா பஞ்சம்?

ஜூன் 11, புதன்

பஞ்சம்தான். முதல் கஃபேயில் பாட்டுச் சத்தம். இரண்டாவதில் ஏசி நேரே கழுத்தில் அடித்தது, விரல் விறைத்துப்போனது. மூன்றாவது நம்ம ஊர் பேக்கரி மாதிரி இருக்கிறதே என்று ஆசையாக நுழைந்தேன். பப்ஸ் அருமை, ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்து போகிற இடம். பிளக் பாயின்ட் கேட்டதற்கு டீ மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தூத்துக்குடிக்காரிக்கு எந்த ஊர் பேக்கரியும் லேசில் பிடிக்காது. ஊர் முந்திரி மக்ரூன் வாசத்தில் வளர்ந்த மூக்கு இது.

ஜூன் 14, சனி

கிடைத்துவிட்டது!

சாய்பாபா காலனிக்குப் பின்னால், பழைய வீடுகள் இருக்கும் ஒரு தெரு. மழைக்கு ஒதுங்கப் போனேன். பன்னீர் மரம் ஒன்று வாசலையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு உள்ளே ஒரு மாடி வீடு, சின்னதாக ஒரு பலகை: 'பன்னீர் கஃபே'. முன் ஹாலில் கல்லாவும் கண்ணாடி அலமாரியும். அதைத் தாண்டி உள்ளறை ஒன்று. ஜன்னலோரம் மேசை, பக்கத்திலேயே பிளக் பாயின்ட், நல்ல வைஃபை, பாட்டு கிடையாது. ஆளே இல்லை.

நடத்துகிறவர் பெயர் செல்வநாயகி. ஐம்பது தாண்டியிருக்கும். காட்டன் சேலை, நெற்றியில் திருநீறு. நான் வாய் திறப்பதற்கு முன்னால், "நனைஞ்சுட்டியே கண்ணு, மொதல்ல தலையைத் துவட்டு" என்று ஒரு துண்டை நீட்டினார். முதல் பார்வையிலேயே 'கண்ணு'. துவட்டி முடித்த பிறகும் கண் ஈரமாகவே இருந்தது. மழைதான் காரணம்.

வாழைப்பழ கேக் சாப்பிட்டேன். அப்புறம் மேலே க்ரீமில் ஒரு ரோஜா வைத்த பேஸ்ட்ரி. ஒவ்வொரு இதழும் தனித்தனியாக, நிஜப் பூ மாதிரி. தின்ன மனசு வரவில்லை. தின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

தினமும் போகிறேன். உள்ளறை மேசை எனக்கென்றே ஆகிவிட்டது. அக்கா (இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன்) யாரையும் உள்ளே விடுவதில்லை. "பொண்ணு வேலை செய்யுதுங்க, முன்னாடியே உக்காருங்க" என்று சொல்வது கேட்கும்.

ஹெட்ஃபோனைக் கழற்றியபோது தலைக்கு மேல் காலடிச் சத்தம். மெதுவாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு.

"மேல யாருக்கா இருக்கா?"

"மேலே யாருமில்லீங் கண்ணு. மரப்படி, பழைய வீடு. அதும்பாட்டுக்கு ஏதாவது சத்தம் போடும்."

ஜூன் 20, வெள்ளி

மழை. சீஸ் பிஸ்கட் புதுசு. இரண்டு எபிசோடு முடித்தேன். பழைய வீடு இன்று பாட்டு முனகியது.

ஜூன் 27, வெள்ளி

வேலை நடுவே ஃபோனை நோண்டுகிறேன் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டார். "எங்கிட்டக் குடு சாமி. கல்லாவுல வெச்சுக்கறேன். யாரு கூப்பிட்டாலும் நான் சொல்லிக்கறேன்." பூட்டைத் திறக்கும் நம்பரையும் வாங்கிக்கொண்டார். கொடுத்த பிறகு உண்மையிலேயே வேலை ஓடுகிறது.

சாயங்காலம் கூட்டமில்லாத நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார்.

"வீட்டுக்காரர் எப்ப வராரு?"

"புராஜெக்ட் முடிஞ்சதும்."

"கடைசியா எப்பப் பேசுனாரு?"

நான் பேஸ்ட்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு வரமாட்டாரு கண்ணு. உனக்கே தெரியும்."

தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும். அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இவரிடம் ஒரு மணி நேரம் அழுதேன். அழுது முடித்ததும் சூடாகப் பால் கொடுத்தார். இத்தனை மாதத்தில் இன்றுதான் நெஞ்சு லேசாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஊர்க் கோயிலில் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. நான் போகவில்லை.

போகத்தான் இருந்தேன். கிங்ஸ்லி அண்ணன் வியாழக்கிழமை கஃபே நேரத்தில் கூப்பிட்டதாகவும், "அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டோட முடிச்சுக்கறோம்" என்று சொன்னதாகவும் அக்கா சொன்னார். புருஷன் இல்லாமல் தனியாக வந்து நின்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று அண்ணனுக்கே தோன்றியிருக்கலாம். யாரோ சொல்லித் தெரிந்திருக்கும்.

பிறகு நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், லைன் போகவில்லை. அவன் கூப்பிட்டதற்கான அடையாளமும் ஃபோனில் இல்லை. இந்த ஃபோன் பழசாகிவிட்டது.

அக்கா எனக்காகக் குட்டியாக ஒரு கேக் செய்திருந்தார். வெள்ளை க்ரீமில் சிலுவை, சுற்றிலும் ரோஜா. புதுநன்மைக்கு என் அம்மா வாங்கிக் கொடுத்தது போலவே இருந்தது.

ஜூலை 9, புதன்

கீழே பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை. அக்கா ஆவின் பூத்துக்குப் போயிருந்தார். மாடிப்படியில் ஏறினேன்.

மேலே கதவு திறந்துதான் இருந்தது. நீளமான அறை. மேசையில் வரிசையாகக் கேக்குகள். முதுகு காட்டியபடி ஒரு பெண் குனிந்து நின்று ரோஜா போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். வெயில் படாத உடம்பு, பச்சை நரம்பெல்லாம் தெரிகிறது. திரும்பிப் பார்த்தாள். திடுக்கிட்டது நான்தான், அவள் இல்லை.

"பெனிட்டா அக்காதானே? வாங்க. உங்க கட்டிலுக்குப் புது பெட்ஷீட் போட்டாச்சு."

அறையின் கோடியில் இரண்டு கட்டில். ஒன்றில் போர்வை கசங்கிக் கிடந்தது. இன்னொன்றில் மடிப்புக் கலையாத நீல விரிப்பு, தலையணை, தலையணைமேல் மடித்து வைத்த துண்டு.

"என் கட்டிலா?"

"ஆமா. நீங்க மொத நாள் வந்தப்பவே அக்கா சொல்லிட்டாங்களே."

கீழே கேட் திறக்கும் சத்தம். போன வேலையை மறந்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

நானாகக் கேட்கவில்லை. அக்காவே சொன்னார்.

அவள் பெயர் தாரணி. உடுமலைப்பேட்டைப் பெண். ஹாஸ்டலில் தங்கி அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்தவள். தினமும் என் மேசையில்தான் உட்கார்ந்து படிப்பாளாம். தேர்வில் தவறிவிட்டாள். அதே சமயத்தில் ஊரில் அம்மாவும் இறந்துவிட்டார். அவளுக்கு வேறு யாருமில்லை. "எங்க போவா? இங்கயே இருன்னுட்டேன். ஆளுங்களைப் பாத்தா பயப்படுவா, அதான் உங்கிட்டச் சொல்லலை."

எவ்வளவு பெரிய மனசு! நேற்று நான் பயந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நீயும் எதுக்குக் கண்ணு ரெண்டு பக்கம் அலையறே? தனியாச் சமைச்சு, தனியாச் சாப்பிட்டு. தனியாச் சாப்பிடறது பாவம்."

ஜூலை 15, செவ்வாய்

வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 19, சனி

வந்தாகிவிட்டது. இரண்டு பெட்டி, லேப்டாப். மற்றதெல்லாம் எட்வினுடையது, அங்கேயே கிடக்கட்டும்.

தாரணி நல்ல பெண். நான் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். மத்தியானம் க்ரீம் போடச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு ரோஜா வரவில்லை, முட்டைக்கோஸ்தான் வந்தது. இருவரும் சிரித்தோம். அம்மாவைப் பற்றி நிறையப் பேசினாள். உடுமலையில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தையல் கடை. அம்மா பெயர் கண்ணம்மாள். ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொடுத்தால்தான் இவளுக்குச் சாப்பாடு என்று விளையாட்டாகச் சொல்வாராம்.

ஜன்னல் கதவைத் திறந்தேன். தாரணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூடிருங்கக்கா. வெளிச்சம்."

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். காதைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியா எப்ப வெளியே போனே?"

யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தாள். "அக்கா கதவைப் பூட்டறதெல்லாம் இல்ல" என்றாள். நான் கேட்டது அதையில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நானும் மூன்று நாளாகத் தெருவுக்குப் போகவில்லை. அவசியம் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டும்.

கீழே உள்ளறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கரன்ட் போனது. வைஃபை நின்று படமும் நின்றது. ஹெட்ஃபோனில் சத்தம் இல்லாததால் முன் ஹாலில் பேசுவது கேட்டது.

"பெனிட்டான்னு ஒரு பிள்ள, இங்க வேலை பாக்க வரும்னு அந்த வீட்டுப் பக்கத்துல சொன்னாவ. என் தங்கச்சி."

கிங்ஸ்லி அண்ணன். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, என் பழைய வீட்டுப் பக்கம் விசாரித்துவிட்டு இங்கே வந்திருக்கிறான். குரல் கரகரத்துப்போய் இருந்தது.

"அந்தப் பொண்ணுங்களா? வந்துட்டு இருந்துச்சுங்க. வீட்டைக் காலி பண்ணிட்டுப் புனேக்கு வீட்டுக்காரர்கிட்டயே போயிட்டேன்னு சொல்லுச்சே. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"இல்லம்மா. ஃபோன் பண்ணா போவவே மாட்டேங்கு. மகளுக்குப் புதுநன்மை வச்சோம், அதுக்கும் வரல. எத்தன தடவ கூப்பிட்டேன்."

"புருஷன் வீட்டு விஷயம். சங்கடமா இருந்திருக்கும். உக்காருங்க, டீ குடிங்க."

நடுவில் ஒரு திரைதான். எழுந்து நான்கு எட்டு வைத்தால் அண்ணன்.

நான் எழுந்திருக்கவில்லை.

கால் மரத்துப்போகவில்லை, வாயை யாரும் பொத்தவில்லை. அண்ணன் டீயை ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது. புனே என்று கேட்டதும் அவன் குரலில் ஒரு நிம்மதி வந்ததே, அதைக் கெடுக்கத் தோன்றவில்லை. இல்லை, அதுவுமில்லை. எழுந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். உட்கார்ந்திருந்தால் தட்டில் இன்னும் பாதி கேக் இருந்தது. அதைத் தின்றேன். அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும் வரை தின்றேன்.

கரன்ட் வந்தது. அக்கா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். சிரித்த முகம்.

"யாருக்கா வந்தது?"

"கொரியர்க்காரன் கண்ணு. அட்ரஸ் மாறி வந்துட்டான்."

ஜூலை 25, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. அக்கா ஊட்டிவிட வந்தார்.

மத்தியானம், அக்கா கீழே வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது தாரணியிடம் கேட்டேன்.

"அம்மா எறந்தது உனக்கு யாரு சொன்னா?"

"அக்காதான். எனக்கு அப்ப நல்ல காய்ச்சல். ஊர்லயிருந்து ஃபோன் வந்துச்சுன்னு சொல்லி அழுதாங்க. நான் எந்திரிக்கவே முடியலை. அக்காவே உடுமலைக்குப் போய் எனக்குப் பதிலா மாலை போட்டுட்டு வந்தாங்க."

"ஃபோன்ல நீ பேசுனியா?"

"ஃபோன் கல்லாவுல இருந்துச்சு."

அவள் ரோஜாவைத் தொடர்ந்தாள். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டதாகச் சொன்ன அன்றைக்கு என் ஃபோனும் கல்லாவில்தான் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

"பூசைக்குப் போயிட்டு வரேன்க்கா" என்றேன். லேப்டாப்பை மேசையிலேயும் ஃபோனைக் கல்லாவிலேயும் விட்டுவிட்டேன், இந்த நோட்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன். அக்கா தடுக்கவே இல்லை. தோளில் சரிந்த துப்பட்டாவைச் சரி செய்துவிட்டு, "சூடா ஜாம் பன் போட்டு வெக்கறேன், சீக்கிரம் வந்துரு" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு பைக் பக்கத்தில் போனதற்கு மதில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். திரும்பி உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்க் கணக்காகிவிடும். ஜாம் பன் நினைப்பு வந்தது. கேட்டில் கையும் வைத்துவிட்டேன். அப்போது மேலே மூடிய ஜன்னலைப் பார்த்தேன்.

மாதா கோயிலில் பூசைக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் ஃபோன் கேட்டேன். அண்ணன் நம்பர் எனக்கு மனப்பாடம்.

"அண்ணா, நான் பெனி."

 "ஏ பிள்ளே! எங்கட்டி இருக்க? புனேயில நல்லாருக்கியாட்டி?"

"நான் புனேயில இல்லண்ணா. அன்னைக்கு நீ டீ குடிச்சியே, அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தேன்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. "கோயிலை விட்டு எங்கயும் போவாத. நான் வாரேன்" என்றான். சாயங்காலம் வந்துவிட்டான். வாடகைக் கார் பிடித்து, வழியில் எங்கும் நிற்காமல் வந்திருக்கிறான். என் கையைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இப்படி வெளுத்துட்ட" என்றான்.

ஜூலை 28, திங்கள்

உடுமலை. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள்.

தையல் மெஷினுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. வாயில் நூல். "ஜாக்கெட்டுங்களா? வெள்ளிக்கிழமை ஆகுங்க" என்றார்.

"கண்ணம்மாளைப் பாக்கணும்."

"நான்தானுங்."

உயிரோடு இருக்கிறவரை முன்னால் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அண்ணன்தான் மெதுவாக ஆரம்பித்தான். தாரணி என்ற பெயரைக் கேட்டதும் அந்த அம்மா மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்த செய்தி வேறு. மகள் ஃபோனிலிருந்து யாரோ ஒரு பெண் பேசினாராம்: தாரணி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், உங்கள் முகத்தில் முழிக்க அவளுக்கு இஷ்டமில்லை, தேடினால் ஏதாவது செய்துகொள்வாள் என்று மிரட்டுகிறாள். இவரும் பயந்துபோய்த் தேடவில்லை. "பரிட்சையில தவறுனதுக்கு ரெண்டு வார்த்தை திட்டிப்போட்டனுங்க. அதனாலதான்னு நெனச்சேன்."

கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று கோயம்புத்தூர் வந்து சேர இரவாகிவிட்டது, காலையில் போனோம். பன்னீர் கஃபே எப்போதும் போல் இருந்தது. வெண்ணெய் வாசம். நாக்கில் எச்சில் ஊறியது. என்மேலேயே அருவருப்பு வந்தது.

செல்வநாயகி அக்கா என்னையும் அண்ணனையும் பார்க்கவில்லை, கண்ணம்மாளை மட்டும் பார்த்தார். யார் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சமும் பதறாமல் ஒரு தட்டில் மூன்று பேஸ்ட்ரி எடுத்து வைத்தார்.

"உக்காருங்க. பிரயாணம் பண்ணி வந்திருப்பீங்க. ஏதாவது சாப்பிடுங்க."

கண்ணம்மாள் ஹால் நடுவில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "தாரணீ!"

மேலே நடந்துகொண்டிருந்த காலடி நின்றது.

"தாரணீ, அம்மாடா!"

 பிறகு மரப்படியின் உச்சியில் அவள் வந்து நின்றாள். கையில் க்ரீம் பை. அம்மாவை இமைக்காமல் பார்த்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அப்புறம் தாழ்ந்த குரலில், எங்களை எல்லாம் விட்டுவிட்டுச் செல்வநாயகி அக்காவிடம் கேட்டாள்.

"அக்கா, இவங்க உங்களுக்கும் தெரியறாங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா படியருகே போய், அதே பாசமான குரலில் சொன்னார். "இல்லியே கண்ணு. யாருமில்லையே. நீ மேல போ, நான் பால் கொண்டாறேன்."

தாரணி தலையாட்டினாள். திரும்பினாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அண்ணன் அக்காவை நோக்கிப் பாய்ந்தான். நான் அவனைத் தாண்டிக் கத்தினேன். "தாரணி, எனக்குத் தெரியறாங்க! என் அண்ணனுக்கும் தெரியறாங்க! நேத்து அவங்க கடையில உக்காந்து தண்ணி குடிச்சேன்!"

கண்ணம்மாள் எதையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினார். மூட்டுவலிக்காரர், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறினார். "சாகலைடா. யாரு சொன்னா? நல்லாத்தான் இருக்கேன். தொட்டுப் பாரு. தொட்டுப் பாரு சாமி."

மகள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். தாரணியின் விரல்கள் முதலில் விறைத்து நின்றன. பிறகு மெதுவாக அம்மாவின் கன்னம், கழுத்து, தோள் என்று தடவிப் பார்த்தன. க்ரீம் பை படிகளில் உருண்டு கீழே வந்து விழுந்தது.

"சுடுது" என்றாள் தாரணி. பிறகு ஒரு சத்தம் போட்டாள். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அவளைப் போர்வையால் போர்த்தி காருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலைத் தாண்டும்போது போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். செல்வநாயகி அக்கா தடுக்கவில்லை, கத்தவில்லை. சிந்திய க்ரீமைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஃபோனையும் லேப்டாப்பையும் எடுக்கப் போனபோது தலை தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தில் நிஜமாகவே கண்ணீர்.

"நாளைக்கு நான் யாருக்குக் கண்ணு சுடுவேன்?"

இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

தூத்துக்குடி. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். என் ஃபோனில் அண்ணன் நம்பரில் ஓர் இலக்கம் மாற்றப்பட்டு, அவனுடைய சரியான நம்பர் தடை செய்யப்பட்டிருந்ததையும் காட்டினோம். விசாரித்த இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார்: "கதவு பூட்டியிருந்துச்சாம்மா?" இல்லை என்றேன். "அடிச்சாங்களா?" இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து எழுதினார்.

எட்வினைப் பற்றி அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உடுமலையிலிருந்து கண்ணம்மாள் ஃபோன் செய்தார். தாரணி சாப்பிடுகிறாளாம். ஜன்னலைப் பாதி திறந்து வைக்கச் சம்மதிக்கிறாள். ஊக்கு தைத்துத் தருகிறாள், நன்றாகவே தைக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்" என்றார். "நான் காய் வாங்கப் போயிட்டு வந்தாலும் சரி, கொல்லைக்குப் போயிட்டு வந்தாலும் சரி, உள்ளே விடமாட்டேங்கறா. வாசல்லயே நிக்க வெச்சுக் கையைத் தொட்டுப் பாக்கறா. பாத்துப்போட்டு, பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு அவளையும் தொடச் சொல்றா. அப்பறந்தான் வழி விடறா."

"நீங்க என்னம்மா செய்வீங்க?"

"என்ன செய்யறதுங்க? கையை நீட்டிட்டு நிப்பேன்."